டவுன்ஸ் 12இல் இருந்தால் எடுங்கள், ஐயா: டாலஸ் கவ்பாய்ஸ் நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: திரு. ஜெர்ரி ஜோன்ஸ், உரிமையாளர், பொது மேலாளர், டாலஸ் கவ்பாய்ஸ், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

நகல்: அணி நிர்வாகிகள் ஸ்டீபன் ஜோன்ஸ், வில் மெக்லே, தலைமைப் பயிற்சியாளர் பிரையன் ஷாட்டன்ஹைமர், டிஃபென்ஸ் பொறுப்பாளர் கிறிஸ்டியன் பார்க்கர்

ஐயா, வணக்கம்.

2026 ஏப்ரல் 23ஆம் தேதி பிட்ஸ்பர்கில் டிராஃப்ட், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக்கின் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு, தொடங்குகிறது. முதல் சுற்றில் உங்கள் கையில் இரண்டு தேர்வுகள் இருக்கின்றன. 12ஆவது, போன சீசனை 7 வெற்றி, 9 தோல்வி, 1 சமன் என்று முடித்ததற்குக் கிடைத்தது. 20ஆவது, உங்கள் நட்சத்திரம் மைக்கா பார்சன்ஸை கிரீன் பே அணிக்கு அனுப்பியதற்குக் கிடைத்தது. உங்கள் 12ஆவது முறை வரும்போது ஒஹாயோ ஸ்டேட் கல்லூரியின் சேஃப்டி (கடைசி வரிசைக் காவலர்) கேலப் டவுன்ஸை யாரும் எடுக்காமல் விட்டிருந்தால், நீங்கள் எடுத்துவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அவரைப் பிடிப்பதற்காக வேறு தேர்வுகளைக் கொடுத்து முந்தைய இடத்துக்கு ஏறிப் போகாதீர்கள் என்றும் சேர்த்தே கேட்டுக்கொள்கிறேன்.

தமிழில் எழுதினால் ஜெர்ரி ஜோன்ஸ் எப்படிப் படிப்பார் என்று நண்பர்கள் கேட்டார்கள். ஆங்கிலத்தில் எழுதினாலும் நீங்கள் படிக்கப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் தலைமையகம் இருக்கிற ஃபிரிஸ்கோவிலும் பக்கத்துப் பிளேனோ, இர்விங் பகுதிகளிலும் ஞாயிறு மதியச் சாப்பாட்டுத் தட்டோடு உங்கள் ஆட்டத்தைப் பார்க்க உட்காருகிற தமிழ் வீடுகள் நிறைய. அந்த வீடுகளின் வாட்ஸப் குழுக்களில் சில வாரங்களாக இந்த ஒரே சண்டைதான். "முதல் சுற்றில் சேஃப்டியா? சுத்த வேஸ்ட்" என்று ஒரு கட்சி. "டவுன்ஸ் மாதிரி ஆள் அடுத்த ஐந்து வருஷத்துக்கு வரமாட்டான்" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. ஆனால் முதல் கட்சிக்காரர்கள் சொல்வதில் பாதி சரி என்று நினைக்கிறவன்.

இந்த ஆட்டம் பழகாத வாசகருக்காக ஒரு விளக்கம். அமெரிக்கக் கால்பந்தில் டிஃபென்ஸின், அதாவது எதிரணியைத் தடுக்கும் குழுவின், கடைசி வரிசையில் நிற்பவர் சேஃப்டி. மற்றவர்கள் எல்லோரும் கோட்டை விட்ட பிறகு ஓடிவந்து பிடிப்பது அவர் வேலை. நன்றாகச் செய்தால் திரையில் தெரியவே மாட்டார். சொதப்பினால் எதிரணி பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் சேர்க்கும் அறுபது யார்டு டச்டவுனுக்குப் பின்னால் தனியாக ஓடிக்கொண்டிருப்பவர் அவராகத்தான் இருப்பார். போன வருஷம் உங்கள் ஆட்டங்களில் அந்தக் காட்சியை நாங்கள் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்துவிட்டோம். செப்டம்பர் 14 அன்று நியூயார்க் ஜயன்ட்ஸின் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ரஸல் வில்சன், ஓய்வை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த மனிதர், உங்கள் மைதானத்திலேயே 450 யார்டு எறிந்தார். உங்கள் கிக்கர் பிராண்டன் ஆப்ரி 64 யார்டிலிருந்து உதைத்துக் காப்பாற்றியதால்தான் அந்த ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 40-37 என்று உங்கள் பக்கம் முடிந்தது. அடுத்த வாரம் சிகாகோவில் அந்த அணியின் குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸ் நான்கு டச்டவுன் எறிந்தார். சீசன் முடிவில் ஆட்டத்துக்குச் சராசரியாக 30 புள்ளிக்கு மேல் விட்டுக்கொடுத்த அணி நீங்கள். லீக்கிலேயே கடைசி.

சரி, எதிர்க்கட்சியின் வாதத்துக்கு வருகிறேன். அது பெரும்பாலும் பணத்தைப் பற்றியது.

2010இல் கேன்சஸ் சிட்டி எரிக் பெர்ரியை ஐந்தாவதாக எடுத்தது. அவர் ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன்பே லீக்கில் அதிகச் சம்பளம் வாங்கும் சேஃப்டி ஆகிவிட்டார். அன்றைக்குப் புதுமுகங்களின் சம்பளம் அப்படித்தான் பேரத்தில் முடிவானது. லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான 2011 ஒப்பந்தத்துக்குப் பிறகு அந்தக் கூத்து நின்றது. இப்போது எந்த இடத்தில் தேர்வானாரோ அந்த இடத்துக்கு ஒரு சம்பளம், அவ்வளவுதான். 12ஆவதாகக் குவாட்டர்பேக்கை எடுத்தாலும் சேஃப்டியை எடுத்தாலும் செலவு ஏறக்குறைய ஒன்றே. அதனால் சந்தையில் விலை அதிகமுள்ள இடத்துக்கு ஆள் எடுத்தால் லாபம் அதிகம். பார்சன்ஸுக்குக் கிரீன் பே கொடுத்தது நான்கு வருஷத்துக்கு 188 மில்லியன் டாலர், அதாவது வருஷத்துக்கு 47. சேஃப்டிகளில் இதுவரை யாரும் வாங்காத சம்பளத்தைப் போன ஆகஸ்டில் பால்டிமோரின் கைல் ஹாமில்டன் வாங்கினார்: நான்கு வருஷத்துக்கு 100.4, வருஷத்துக்கு 25 சொச்சம். குவாட்டர்பேக்கை விரட்டும், பார்சன்ஸ் மாதிரியான எட்ஜ் ரஷரை 12இல் எடுத்து அவர் நன்றாக ஆடினால் வருஷத்துக்கு நாற்பது மில்லியன் மிச்சம் பிடிக்கலாம், சேஃப்டியை எடுத்தால் அதில் பாதி மிச்சமானாலே அதிகம். கணக்கு இதுதான். தப்பும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கை உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால், ஐயா, தயவுசெய்து அவரைப் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள். அந்த மிச்சம் எத்தனை வருஷத்துக்கு? நான்கு, அணி விரும்பினால் ஐந்து. அதற்குப் பிறகு ஒன்று முழு விலை கொடுக்க வேண்டும், இல்லையென்றால் ஆளை விட வேண்டும். நீங்கள் விட்டீர்கள். குவாட்டர்பேக் டாக் பிரஸ்காட்டுக்கு வருஷம் 60 மில்லியன், ரிசீவர் (எறியும் பந்தைப் பிடிப்பவர்) சீடீ லாம்புக்கு 34 என்று ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட அணிக்கு மூன்றாவதாக 47 கொடுக்க மனம் வரவில்லை. அது உங்கள் முடிவு, அதைப் பற்றி ஊரே பேசி ஓய்ந்துவிட்டது, நான் புதிதாக எதுவும் சொல்லப்போவதில்லை. ஆனால் அதே 12இல் இன்னொரு எட்ஜ் ரஷரை எடுத்து, அவர் பார்சன்ஸ் அளவுக்கு வந்துவிட்டால், 2030 வாக்கில் அதே சண்டையை அதே ஃபிரிஸ்கோவில் மறுபடியும் போட வேண்டியிருக்கும். அந்த அளவுக்கு வராவிட்டால் சண்டை இல்லை, ஆனால் எடுத்ததற்குப் பலனும் இல்லை. மிகச் சிறந்த சேஃப்டியின் இரண்டாவது ஒப்பந்தம் உங்கள் அணி கொடுக்கக்கூடிய ஒன்று. எடுக்கும் ஆளை வைத்துக்கொள்ள முடியுமா என்பதையும் கணக்கில் சேர்த்தால் விடை மாறுகிறது. லாம்பும் பிரஸ்காட்டும் ஒரே அணியில் இருக்கும்வரை மாறித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் நினைவுபடுத்துகிறேன். பார்சன்ஸும் 12ஆவது தேர்வுதான். 2021இல் உங்களுக்குக் கார்னர்பேக் (எதிரணி ரிசீவர்களைக் காவல் காப்பவர்) வேண்டியிருந்தது. ஜேசி ஹார்ன் எட்டாவதாகவும் பேட்ரிக் சர்ட்டெய்ன் ஒன்பதாவதாகவும் போய்விட்டார்கள். நீங்கள் பத்தாவது இடத்தை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்துவிட்டு 12க்கு இறங்கி, பென் ஸ்டேட்டின் லைன்பேக்கர் (டிஃபென்ஸின் நடு வரிசையில் நிற்பவர்) ஒருவரை எடுத்தீர்கள். லைன்பேக்கர்! சேஃப்டியைப் போலவே முதல் சுற்றுக்கு லாயக்கில்லை என்று கணக்கர்கள் ஒதுக்கும் இடம். அன்றைய டிஃபென்ஸ் பொறுப்பாளர் டான் க்வின் அவரை முன்வரிசையின் விளிம்புக்கு நகர்த்தினார், மீதி எல்லோருக்கும் தெரியும். அதற்கும் முன்னால், 1992இல் இரண்டாம் சுற்றில் வந்த டேரன் வுட்சன் அரிசோனா ஸ்டேட்டில் லைன்பேக்கர். இங்கே சேஃப்டியாகி, எதிரணியின் வேகமான ரிசீவர்களை ஸ்லாட்டில் (முன்வரிசைக்கும் ஓரத்து ரிசீவருக்கும் இடைப்பட்ட இடம்) நின்று மடக்கி, மூன்று சூப்பர் பவுல் (லீக்கின் இறுதிப்போட்டி) வென்ற அணிகளில் ஆடினார். கிளிஃப் ஹாரிஸை யாரும் டிராஃப்டே செய்யவில்லை, இன்று அவர் மாபெரும் ஆட்டக்காரர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ஆளின் பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் இடத்தைப் பார்க்காமல் ஆளைப் பார்த்தபோதெல்லாம் உங்களுக்கு நல்லது நடந்திருக்கிறது.

எப்போதும் நடந்ததா என்றால், இல்லை. ராய் வில்லியம்ஸ் கதையை எடுக்காமல் இந்த மடலை எழுத முடியாது.

2002. உங்கள் கையில் ஆறாவது தேர்வு. கேன்சஸ் சிட்டியோடு மாற்றி எட்டுக்கு இறங்கி, ஒக்லஹோமாவின் சேஃப்டி ராய் வில்லியம்ஸை எடுத்தீர்கள். 2025 டிராஃப்ட் வரைக்கும் இந்த அணி முதல் சுற்றில் எடுத்த கடைசி அசல் சேஃப்டி அவர்தான். 2015இல் வந்த பைரன் ஜோன்ஸ் கார்னரும் சேஃப்டியும் கலந்த ஆள், அவரைக் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்று எங்கள் குழுவில் தனிச் சண்டையே உண்டு. வில்லியம்ஸ் முதல் இரண்டு வருஷம் பயங்கரம். 2003இல் ஆல்-ப்ரோ, அதாவது லீக்கின் அந்த வருஷச் சிறந்த அணியில் இடம். ஓடிவருகிறவன் மேல் அவர் வந்து மோதினால் தொலைக்காட்சிக்கு இந்தப் பக்கம் இருப்பவருக்கு வலிக்கும். அப்போது அவர் பக்கத்தில் வுட்சன் இருந்தார் என்பதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. யார் எங்கே நிற்க வேண்டும், எதிரணி என்ன செய்யப்போகிறது என்பதையெல்லாம் வுட்சன் பார்த்துக்கொண்டார். வில்லியம்ஸ் மோதுவதை மட்டும் பார்த்துக்கொண்டார். முதுகு வலியால் வுட்சன் 2004இல் களமிறங்காமலே ஓய்வு பெற்றார். அப்புறம் வில்லியம்ஸைப் பின்னால் தனியாக நிறுத்தியபோது, எதிரணிகள் அவர் இருக்கும் திசையைத் தேடி எறிய ஆரம்பித்தன. பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து இழுத்து வீழ்த்தும் அவர் பாணியில் டெரல் ஓவன்ஸுக்குக் கால் முறிந்தது. 2005இல் லீக் அந்தப் பிடியையே தடை செய்தது. 2008 சீசனோடு அவர் டாலஸ் கதை முடிந்தது. ஐந்து முறை ப்ரோ பவுல் என்ற நட்சத்திர ஆட்டத்துக்குப் போனவரை வீணாய்ப் போனவர் என்று சொல்வது நியாயமில்லை. ஆனால் எட்டாவது தேர்வு தர வேண்டியதை அவர் தரவில்லை.

இதில் உறுத்துவது வேறு. அதே டிராஃப்டில், அதே முதல் சுற்றில், 24ஆவதாக இன்னொரு சேஃப்டியை பால்டிமோர் எடுத்தது. பெயர் எட் ரீட். 64 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிந்த பந்தைப் பறிப்பது), 2019இல் முதல் வாய்ப்பிலேயே ஹால் ஆஃப் ஃபேம்.

எதிர்க்கட்சி இந்தக் கதையைச் சொல்லி, "பார்த்தாயா, சேஃப்டிக்குப் பெரிய தேர்வைக் கொடுக்காதே, 24 வரை காத்திரு" என்கிறது. எனக்குத் தெரிவது வேறு பாடம். நீங்கள் தவறான வகையான சேஃப்டியை எடுத்தீர்கள். உடம்பால் ஆடுகிறவர் எட்டில் போனார், கண்ணாலும் தலையாலும் ஆடுகிறவர் 24 வரை காத்திருந்தார். 2017இல் நியூயார்க் ஜெட்ஸ் ஆறாவதாக எடுத்த ஜமால் ஆடம்ஸும் கிட்டத்தட்ட வில்லியம்ஸ் வகைதான். முன்னால் வந்து தாக்குவதில் சூரர். சியாட்டில் அவருக்காக இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றையும் கொட்டியது. 2020இல் 9.5 சாக் (பந்தோடு இருக்கும் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்து டிஃபென்சிவ் பேக்குகளுக்கான (சேஃப்டி, கார்னர்பேக்) சாதனை படைத்தார். பிறகு காயம் மேல் காயம், 2024 மார்ச்சில் விடுதலை. உடம்பை நம்பி ஆடுகிற சேஃப்டிக்கு ஆயுசு குறைவு.

டவுன்ஸ் எந்த வகை? அலபாமாவில் 2023இல், பள்ளி முடித்து நேராக வந்த முதல் வருஷமே, 107 டேக்கிள் (பந்தோடு வருபவரைப் பிடித்து வீழ்த்துவது) எடுத்து அணியில் முதலிடம். அலபாமாவின் பயிற்சியாளர் நிக் சேபனிடம் ஒரு புதுமுகம் அந்த இடத்துக்கு வருவது சாதாரணம் இல்லை. சேபன் ஓய்வு பெற்றதும் ஒஹாயோ ஸ்டேட் போனார். 2024இல் ஜிம் நோல்ஸ் டிஃபென்ஸை நடத்தினார், தேசியப் பட்டம் வந்தது. 2025இல் மேட் பட்ரீஷியா நடத்தினார், அந்த டிஃபென்ஸ் ஆட்டத்துக்குப் பத்துப் புள்ளிக்கும் குறைவாகவே விட்டுக்கொடுத்தது. கல்லூரியின் சிறந்த டிஃபென்சிவ் பேக்குக்கான ஜிம் தோர்ப் விருது டவுன்ஸுக்குப் போனது. மூன்று வருஷம், மூன்று வெவ்வேறு பாடத்திட்டம். மூன்றிலும் முதல் நாளிலிருந்து நடுநாயகம். பார்க்கரின் திட்டத்தைப் படிக்க இவருக்கு எவ்வளவு நாளாகும் என்று கவலைப்படுகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

அவர் ஆட்டத்தில் எனக்குப் பிடித்தது டேக்கிள் எண்ணிக்கையோ, 2024இல் இந்தியானாவுக்கு எதிராக, அவர்கள் உதைத்த பந்தைப் பிடித்து 79 யார்டு ஓடிய பன்ட் ரிட்டர்னோ இல்லை. பந்து நகர்வதற்கு முன்னால் அவர் செய்வதுதான். எதிரணி ஆள் மாறி நிற்கும்போது கையைக் காட்டிப் பக்கத்தில் இருப்பவரை நகர்த்துவார், தானும் இரண்டு அடி தள்ளி நிற்பார். பந்து வரும் இடத்தில் ஏற்கெனவே இருப்பார். அதனால் அவர் அதிகம் பாய்வதே இல்லை. பாயாதவரின் காணொளித் தொகுப்பு சுவாரசியமாக இருக்காது. தகப்பனார் கேரி டவுன்ஸ் இதே லீக்கில் ரன்னிங் பேக், மாமா ட்ரே பிளை கார்னர்பேக், அண்ணன் ஜோஷ் இண்டியானாபொலிஸில் ரிசீவர். சாப்பாட்டு மேசையிலேயே பாதிப் பாடம் முடிந்திருக்கும்.

குறையும் உண்டு. இன்டர்செப்ஷன் வருஷத்துக்கு இரண்டு என்ற அளவில்தான். ஹாமில்டனைப் போல ஆறடி நான்கு அங்குல உருவம் கிடையாது, ஆறடியை ஒட்டியவர். டைட் எண்ட் எனும் பெரிய உருவ ரிசீவர்களோடு நேருக்கு நேர் நிறுத்தினால் சில சமயம் பந்து அவர் தலைக்கு மேலே போகும். இதையெல்லாம் உங்கள் ஆட்கள் என்னைவிட நன்றாகவே குறித்து வைத்திருப்பார்கள்.

ஹாமில்டன் பெயர் வந்துவிட்டதால் 2022ஐப் பற்றிக் கொஞ்சம். அந்த வருஷம் நோட்டர் டேமிலிருந்து வந்த அவரைப் பலர் முதல் ஐந்துக்குள் வைத்திருந்தார்கள். 40 யார்டை 4.59 விநாடியில் ஓடினார், மெதுவாம். அத்தோடு "சேஃப்டிதானே" என்ற பழைய பல்லவி. 13 தேர்வுகள் அவரைத் தாண்டிப் போயின. ஜெட்ஸ், ஜயன்ட்ஸ், டெட்ராய்ட் மூவரும் ஆளுக்கு இரண்டு முறை தாண்டினார்கள். எல்லோரும் ஏமாந்தார்கள் என்று சொல்ல மாட்டேன். சாஸ் கார்ட்னர், டெரக் ஸ்டிங்லி, எய்டன் ஹட்சின்சன் எல்லாம் அந்த 13இல்தான் வருகிறார்கள். ஆனால் ஜயன்ட்ஸ் ஏழாவதாக எடுத்த ஈவான் நீல், குவாட்டர்பேக்கைக் காக்கும் டேக்கிள் என்ற விலை மதிப்புள்ள இடம், பாதுகாப்பான தேர்வு என்று எல்லோரும் தலையாட்டியவர், அந்த இடத்தில் நிலைக்கவே இல்லை. இடத்தின் மதிப்பு ஆளுக்கு ஒட்டிக்கொள்ளாது.

பால்டிமோர் அந்த மார்ச்சில்தான் மார்கஸ் வில்லியம்ஸ் என்ற சேஃப்டியைப் பெரிய விலைக்கு வாங்கியிருந்தது. சக் கிளார்க்கும் இருந்தார். தேவையே இல்லாத இடத்துக்கு 14ஆவது தேர்வைச் செலவழித்தார்கள். இரண்டாவது ஆட்டத்திலேயே, 35-14 என்று முன்னணியில் இருந்து மயாமியிடம் 42-38 என்று தோற்றார்கள், ஹாமில்டனும் நன்றாகத் திட்டு வாங்கினார். அன்றைய டிஃபென்ஸ் பொறுப்பாளர் மைக் மெக்டொனால்ட் அவரை ஸ்லாட்டுக்குக் கொண்டுவந்தார், சில சமயம் முன்வரிசைக்கே கொண்டுவந்தார், அடுத்த வருஷம் அவர் ஆல்-ப்ரோ. அதே மெக்டொனால்ட் சியாட்டிலுக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய், 2025 டிராஃப்டில் 52இலிருந்து 35க்கு ஏறி நிக் எமன்வோரி என்ற சேஃப்டியை எடுத்து, அதே வேலையைக் கொடுத்தார். 2026 பிப்ரவரியில் சூப்பர் பவுல் அவர்கள் வீட்டுக்குப் போனது.

இங்கே எதிர்க்கட்சியின் மிக நல்ல வாதம் ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நியாயமில்லை. எங்கள் குழுவில் ஒருவர், ஃபிலடெல்ஃபியாவின் ரசிகர் (இர்விங்கில் இருந்துகொண்டு, அதுவும் வெளிப்படையாக), அடிக்கடி இதைச் சொல்வார். பார்க்கர் எங்கிருந்து வந்தார்? விக் ஃபாஞ்சியோ டிஃபென்ஸை நடத்திய ஃபிலடெல்ஃபியாவிலிருந்து. அந்த அணி 2025 பிப்ரவரி சூப்பர் பவுலில் கேன்சஸ் சிட்டியை 40-22 என்று நசுக்கியபோது பின்னால் நின்ற சேஃப்டிகள் யார்? டிராஃப்டே ஆகாத ரீட் பிளாங்கன்ஷிப், நான்காம் சுற்றில் வந்த கார்ட்னர்-ஜான்சன். முன்வரிசை நான்கு பேர் மட்டும், ஒரு பிளிட்ஸ்கூட (பின்னால் நிற்பவர்களையும் சேர்த்துப் பாயவிடுவது) இல்லாமல், எதிரணி குவாட்டர்பேக் மஹோம்ஸை ஆறு முறை வீழ்த்தினார்கள். முன்னால் இப்படி இருந்தால் பின்னால் யார் நின்றால் என்ன?

பதில் சொல்ல முயல்கிறேன். முதலில், முன்வரிசைக்கு நீங்கள் ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டீர்கள். பார்சன்ஸை மாற்றிக்கொடுத்த டிரேடில் கென்னி கிளார்க் வந்தார், நவம்பரில் க்வின்னன் வில்லியம்ஸ் வந்தார். அடுத்து, அந்த ஃபிலடெல்ஃபியா டிஃபென்ஸில் எல்லாவற்றையும் ஒட்டவைத்த ஆள் கூப்பர் டிஜீன். அவர் பெயருக்கு எதிரே கார்னர்பேக் என்று இருந்தது, வேலை ஸ்லாட்டில். ஓட்டத்தையும் தடுத்தார், எறிதலையும் தடுத்தார், சூப்பர் பவுலில் பந்தைப் பறித்து டச்டவுனும் போட்டார். டவுன்ஸை நான் வைத்துப் பார்ப்பது அந்த இடத்தில். பிளாங்கன்ஷிப் நின்ற இடத்தில் நிறுத்துவதற்கென்றால் 12ஆவது தேர்வு தேவையில்லை, என் நண்பர் சொல்வது சரி. டிஜீன் 40ஆவதாகக் கிடைத்தாரே என்று அவர் மறுபடி கேட்பார். கிடைத்தார். எமன்வோரியும் 35இல் கிடைத்தார். உங்களுக்கு 35உம் இல்லை, 40உம் இல்லை. க்வின்னன் வில்லியம்ஸுக்காகச் சொந்த இரண்டாம் சுற்றுத் தேர்வை ஜெட்ஸுக்குக் கொடுத்தாகிவிட்டது.

ஆகவே பார்க்கரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: டவுன்ஸ் முதல் ஆட்டத்தில், எதிரணியின் முதல் முயற்சியிலேயே எங்கே நிற்பார்? "எல்லா இடத்திலும்" என்று பதில் வந்தால் பயப்படுங்கள். மயாமி 2018இல் மின்கா ஃபிட்ஸ்பேட்ரிக்கை 11ஆவதாக எடுத்தது. அலபாமாக்காரர், எல்லாம் தெரிந்தவர், டவுன்ஸைப் பற்றி இன்று சொல்வதையெல்லாம் அன்று அவரைப் பற்றிச் சொன்னார்கள். எல்லாம் தெரியும் என்பதற்காக வாரத்துக்கு ஒரு இடத்தில் நிறுத்தினார்கள். இரண்டாவது சீசன் தொடங்கிய கொஞ்ச நாளிலேயே அவர் டிரேட் கேட்டுக் கிளம்பிவிட்டார். பிட்ஸ்பர்க் ஒரு முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்து வாங்கி, பின்னால் ஒரே இடத்தில் நிறுத்தியது. அந்த வருஷமும் ஆல்-ப்ரோ, அடுத்த வருஷமும் ஆல்-ப்ரோ. (2025இல் அதே மயாமி அவரை மறுபடி வாங்கியது தனி நகைச்சுவை.) ஹாமில்டனுக்கும் முதலில் ஒரு வீடு கொடுத்தார்கள், அங்கே உட்கார்ந்த பிறகுதான் மற்ற அறைகளுக்கு அனுப்பினார்கள். பார்க்கரிடம் அப்படி ஒரு வரைபடம் இல்லையென்றால் டவுன்ஸை விட்டுவிடுங்கள், நான் இந்த மடலைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இனி மேலே ஏறும் விஷயம். உங்கள் சுபாவம் எங்களுக்குத் தெரியும், ஐயா. பத்தாவது தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது டவுன்ஸ் இன்னும் இருப்பதைப் பார்த்தால் கை தொலைபேசிக்குப் போகும். பிட்ஸ்பர்க் 2003இல் 27இலிருந்து 16க்கு ஏறி ட்ராய் பொலமாலுவை எடுத்த கதையை யாராவது காதில் ஓதுவார்கள். அதற்கு அவர்கள் கொடுத்தது மூன்றாம் சுற்றும் ஆறாம் சுற்றும். உங்கள் சொந்த மூன்றாம் சுற்று ரிசீவர் ஜார்ஜ் பிக்கன்ஸுக்காக அதே பிட்ஸ்பர்குக்கே போய்விட்டது. 2027இன் ஒரு முதல் சுற்று ஜெட்ஸிடம் இருக்கிறது. கடைசியாக இருந்த டிஃபென்ஸுக்கு ஒரே ஆள் போதாது. கார்னர் இடமும் காலி, டிரெவான் டிக்ஸைப் போன டிசம்பரில் விட்டுவிட்டீர்கள். 20ஆவது தேர்வைத் தொடாதீர்கள். நடுச்சுற்றுத் தேர்வுகளையும் தொடாதீர்கள். பார்சன்ஸே இறங்கிப் போய்க் கிடைத்தவர்தான்.

12க்கு முன்பே டவுன்ஸ் போய்விட்டால்? துக்கம் கொண்டாட வேண்டாம். எல்எஸ்யூ கல்லூரியின் கார்னர் மன்சூர் டெலேன் இருந்தால் எடுங்கள். டவுன்ஸ் கூடவே ஒஹாயோ ஸ்டேட்டில் ஆடிய சோனி ஸ்டைல்ஸ் இருக்கிறார், சேஃப்டியாக இருந்து லைன்பேக்கர் ஆனவர். பேருக்குச் சேஃப்டி வேண்டும் என்று ஒரெகனின் டில்லன் தீனமனை 12இல் எடுப்பது மட்டும் வேண்டாம். நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் நான் மேலே சொன்ன நியாயங்கள் எல்லாம் டவுன்ஸுக்கு மட்டுமே பொருந்தும். அடுத்த தரத்துச் சேஃப்டிகளுக்கு எதிர்க்கட்சியின் கணக்குத்தான் சரி.

எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக ஒரு வேண்டுகோள், இது ஸ்டீபன் அவர்களுக்கும் சேர்த்து. மூன்றாவது சீசன் முடிந்த மறுநாள் ஒப்பந்தம் பேசலாம் என்று விதி இருக்கிறது. அன்றைக்கே பேசுங்கள். பிரஸ்காட்டிடம் இழுத்தடித்தீர்கள், விலை ஏறியது. 2024இல் லாம்ப் பயிற்சி முகாமுக்கே வரவில்லை, விலை ஏறியது. பார்சன்ஸிடம் இழுத்தடித்தீர்கள், ஆளே போய்விட்டார். ஹாமில்டனின் 25 மில்லியன் 2029இல் 25ஆக இருக்காது. அந்த ஜனவரியில் டவுன்ஸ் ஃபிரிஸ்கோவில்தான் இருப்பார், உங்கள் அறைக்கு நடந்து வரும் தூரத்தில்.

20ஆவது தேர்வைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதில் எனக்கே இன்னும் ஒரு முடிவு வரவில்லை.

இப்படிக்கு,
இர்விங்கிலிருந்து ஒரு ரசிகன்